பிரேக் வாத்தியாரும் கைகாவல் கல்லூரியும்

என் அக்காவின் கணவரை எங்கள் டிரைவிங் ஸ்கூலில் பிரேக் வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வண்டியில் வாத்தியார் உட்காருகிற பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற வாத்தியார்கள் அதை ஆபத்து வந்தால் மிதிப்பார்கள். இவர், ஆபத்து பக்கத்துத் தெருவில் கிளம்பும்போதே மிதித்துவிடுவார். நடைபாதையில் ஒரு நாய் படுத்துத் தூங்கினால்கூட, அது எழுந்து வந்தால் என்ன செய்வது என்று கால் தானாகப் போய்விடும். இவரிடம் வருகிறவர்கள் முதல் வாரம் முழுக்கக் கழுத்தைத் தடவிக்கொண்டே இறங்குவார்கள். ஆனாலும் இவரிடம் கற்றுக்கொண்டு போனவர்கள் எங்கேயும் போய் முட்டியதில்லை என்பதால் கூட்டம் இவரிடம்தான் சேரும்.

நான் அந்த ஸ்கூலின் முன்னறையில் உட்கார்ந்து, யாருக்கு எந்த நேரம், எந்த வண்டி என்று பார்த்துச் சொல்கிறவன். சாப்பாடும் தூக்கமும் அக்கா வீட்டில். ஆகவே மாமாவை வேலையிலும் பார்க்கிறேன், வீட்டிலும் பார்க்கிறேன். ஒரே ஆளை இவ்வளவு பார்ப்பது இரண்டு பேருக்குமே நல்லதில்லை. அவர் டீயை ஊதி ஊதிக் குடிக்கிற சத்தம் எனக்கு ஆகாது. நான் நாற்காலியை இழுக்கிற சத்தம் அவருக்கு ஆகாது. இதைத் தவிர எங்களுக்குள் சண்டை என்று எதுவும் கிடையாது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய இன்னொரு விஷயம், அதிகாரி கேட்டால் அவர் வாயில் பொய் வராது. லைசென்ஸ் சோதனை நாளில் அதிகாரி வண்டியில் ஏறுவதற்கு முன்னால் வாத்தியாரைப் பார்த்து, "எப்படி?" என்று ஒரு கேள்வி கேட்பார். மற்றவர்கள், "பிரமாதம் சார்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். இவர் மட்டும், "நேரா நல்லா போவாங்க சார். ரிவர்ஸ்ல கை நடுங்கும். கொஞ்சம் டைம் கொடுத்தா செஞ்சிடுவாங்க" என்பார். அந்தப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் உயிரே போய்விடும். ஆனால் அதிகாரி கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்பார், பிள்ளையும் தேறிவிடும். "அவர் சொன்னா சரியா இருக்கும்" என்று அங்கே ஒரு பேர். இத்தனை வருஷ உழைப்பில் அவர் சம்பாதித்தது அந்தப் பேர் ஒன்றுதான், அதன் மேல் அவருக்கு உயிர்.

அவருக்கு ஒரே மகள். வீட்டில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். அவள் சின்னவளாக இருந்தபோது நானும் அக்காவும் எதற்காவது சண்டை போட்டால் நடுவில் வந்து நின்று இரண்டு பேர் சொல்வதையும் கேட்பாள், கடைசியில் தீர்ப்புச் சொல்லாமலே போய்விடுவாள். படிப்பில் எப்போதும் முதலில் வருவாள். எப்போதும் என்றால் எப்போதும்தான். வெளியில் இருக்கிறவர்களுக்கு அது பெருமையாகத் தெரியும். வீட்டில் இருக்கிற எங்களுக்கு, அவள் முதலில் வந்த நாளெல்லாம் மாமா தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவதும், அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவதும்தான் தெரியும். களைப்பாயிருக்கிறாள், தூங்கட்டும் என்று விட்டுவிடுவோம்.

பள்ளி முடிகிற வருஷத்தில் அவளுடைய வகுப்பு ஆசிரியை மாமாவையும் அக்காவையும் கூப்பிட்டனுப்பினார். பெரிய கல்லூரிகளுக்கு எழுதிப்போடுவது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது, கட்டாயம் இடம் கிடைக்கும், கட்டாயம் பணமும் கட்ட முடியும் என்கிற மாதிரி ஒன்றிரண்டு கல்லூரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்ததும் மாமா செருப்பைக் கழற்றாமலே பொங்கினார்.

"நம்ம பொண்ணுக்கு எதுக்குங்கறேன்? அவளை வேண்டாம்னு எவன் சொல்வான்?"

அக்கா ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க நின்றுகொண்டே துணி மடிப்பதால் வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். அன்றும் அப்படி உட்கார்ந்துதான் பேசினாள்.

"வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. வான்னுதான் சொல்வாங்க. வந்தா கட்டறதுக்கு நம்மகிட்ட இருக்கான்னு பாருங்க. சீட்டு கெடைச்சும் கட்ட முடியலன்னா அது கெடைக்காத மாதிரிதானே?"

"அதான் உதவித்தொகை கொடுப்பாங்கல்ல?"

"கொடுக்கலன்னா?"

"ஏன் கொடுக்க மாட்டாங்க?"

"தூங்கற நாய் எந்திரிச்சு வந்துடும்னு பிரேக் போடற மனுஷன், இதுக்கு மட்டும் கண்ண மூடிக்கிட்டு எப்படிங்க போறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா என்னை ஒரு முறை முறைத்தார். உலகத்தில் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பயப்படுகிற அந்த மனிதருக்கு, மகள் விஷயத்தில் மட்டும் பயமே கிடையாது. அங்கே எல்லாம் பச்சை விளக்கு.

ஒரு வழியாக முடிவானது. பெரிய கல்லூரிகள் இரண்டு. அதில் ஒன்று மலைமேல் இருப்பது. அதன் பேரைச் சொன்னாலே கேட்கிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம், அவை தவறினால் இருக்கட்டும் என்று கைகாவலாக ஒன்று. ஒரு பழைய நூல் ஆலையை வாங்கி அதற்குள் நடத்துகிற கல்லூரி என்பதால் அதை எல்லோரும் மில் காலேஜ் என்பார்கள். நல்ல இடம், சின்ன இடம். கட்டணம் அதிகம்தான். ஆனால் நன்றாகப் படிக்கிற ஒரு பிள்ளைக்கு வருஷா வருஷம் கட்டணமே வாங்காமல் சேர்த்துக்கொள்வார்கள். அது நம் வீட்டுக்குத்தான் வரும் என்று மாமா அன்றைக்கே எடுத்து வைத்துக்கொண்டார். அக்கா அதோடு விடவில்லை.

"இன்னும் ஒண்ணு போடுங்க. டிப்போவுக்குப் பின்னாடி இருக்கே, அது."

"டிப்போ காலேஜா? பஸ்ஸு சத்தத்துல பாடமே காதுல விழாதே!"

"விழலன்னா முன்னாடி போய் உக்காரட்டும். அங்க யாருக்கும் கட்டணம் பெரிசா கெடையாது. யார் தயவும் வேண்டாம்."

மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டே அதையும் சேர்த்தார். ஜட்ஜம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றுக்கும், "சரி" என்றாள். உனக்கு எது பிடிக்கும் என்று கேட்கிற எண்ணம் அந்தக் கூடத்தில் இருந்த ஒருவருக்கும் வரவில்லை. மலைமேல் இருப்பதைப் பிடிக்காத பிள்ளை இருக்குமா என்ன?

மில் காலேஜில் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். மாமா மகளைக் கூட்டிக்கொண்டு போனார், நானும் போனேன். மாமா உள்ளே நுழைந்ததிலிருந்து வண்டிகள் நிறுத்தியிருந்த லட்சணத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு வண்டி குறுக்கே நின்றது. அதை யார் நிறுத்தியது என்று காவலாளியிடம் விசாரிக்கப் போய்விட்டார். நான் வெளியில் நிழலில் நின்றேன். ஜட்ஜம்மா மட்டும் ஒரு கூட்டத்தோடு உள்ளே போனாள். மற்ற பிள்ளைகளெல்லாம் திரும்பி வந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள். சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"உள்ள தண்ணி ஓடற கண்ணாடித் தொட்டி ஒண்ணு இருக்கு மாமா, இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவரு வரைக்கும்" என்றாள். சொல்லும்போது கையை அகல விரித்துக் காட்டினாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் மாமா வந்து, "இப்படித்தான் வண்டியை நிறுத்துவாங்களா, படிச்சவங்க இருக்கற இடம்" என்று ஆரம்பித்துவிட்டார். அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. காத்திருக்கிற வீட்டில் இருப்பதைவிட அலுப்பு வேறு கிடையாது. யாரும் உரக்கச் சிரிக்க மாட்டார்கள், போன் மணி அடித்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், அது தவறான எண்ணாக இருக்கும். அக்கா துணி மடிக்கிற கையோடு வீட்டிலும் எதையாவது மடித்துக்கொண்டே இருந்தாள். மாமா தன்னிடம் வண்டி கற்றுக்கொள்ள வருகிறவர்களிடமெல்லாம், "என் பொண்ணு மலைக்குப் போறா" என்று சொல்லிவிட்டிருந்தார். கியர் மாற்றத் தெரியாமல் வியர்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் பாவம், அதற்கும் சேர்த்துத் தலையாட்ட வேண்டியிருந்தது.

ஒருநாள் மதியம் ஸ்கூல் போன் அடித்தது. மாமா வண்டியில் இருக்கும்போது செல்போன் வைத்துக்கொள்ள மாட்டார் என்பதால் எல்லா இடத்திலும் ஸ்கூல் எண்ணைத்தான் கொடுத்திருந்தார். மில் காலேஜில் சேர்க்கையைக் கவனிக்கிற அம்மா பேசினார். மாமா அப்போதுதான் ஒரு பாடம் முடித்துவிட்டு வந்திருந்தார். கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒலிபெருக்கியைப் போட்டதால் எனக்கும் கேட்டது.

"சார், உங்க பொண்ணோட விண்ணப்பம் பார்த்தோம். ரொம்ப நல்லா இருக்கு. கட்டணமே இல்லாம சேர்த்துக்கறது எங்ககிட்ட ஒரே ஒரு இடம்தான். நாங்க கொடுத்தா கண்டிப்பா சேருவாங்களா?"

மாமா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டார். சோதனை மைதானத்தில் நிற்கிற மாதிரியே நின்றார்.

"உள்ளதைச் சொல்லிடறேன் மேடம். மலைமேல கெடைச்சா அங்கதான் போவா. நீங்க எங்களுக்கு ஒரு கைகாவல் மாதிரி. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க காலேஜும் நல்ல காலேஜ்தான்."

"மறைக்காம சொன்னதுக்கு நன்றி சார்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வைத்துவிட்டார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா மாப்ள, நன்றி சொல்றாங்க. இந்தக் காலத்துல யார் உண்மையைப் பேசறா?" என்றார். அன்று டீயை இன்னும் சத்தமாக ஊதிக் குடித்தார். வீட்டில் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னதை ஒரு செய்தியாகப் போய்ச் சொல்வாரா?

பெரிய கல்லூரிகள் இரண்டிலிருந்தும் பதில் வந்தது. இரண்டிலும் இடம் உண்டு. மாமா எழுந்து நின்று கைதட்டினார். பிறகு ஜட்ஜம்மா மீதியைப் படித்தாள். உதவித்தொகை என்று அவர்கள் கொடுத்தது விடுதிச் சாப்பாட்டுக்கே பற்றாது. மற்றதையெல்லாம் நாங்கள்தான் கட்ட வேண்டும். கடன் வாங்கலாம் என்று மாமா வாயைத் திறந்தார்.

"படிச்சு முடிச்சு வர்றவ அவளுக்காக வேலைக்குப் போகணுமா, கடனுக்காகப் போகணுமா?" என்றாள் அக்கா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாமா முகம் தொங்கிப்போயிற்று. எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஜட்ஜம்மா அழவில்லை. கொஞ்சம் மூச்சை விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "மில் காலேஜ் இருக்குல்லப்பா" என்றாள், அப்பாவுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

மில் காலேஜின் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட உட்காருகிற நேரத்தில் வந்தது. இடம் தருகிறோம், கட்டண விலக்கு தர இயலவில்லை, வருந்துகிறோம். அவள் அதை இரண்டாம் முறை படித்தாள். பிறகு மூன்றாம் முறை. விரல் மட்டும் போன் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தது. அப்போது மாமா தேற்றுகிற குரலில் சொன்னார்.

"அதுக்கு நீ வருத்தப்படாதம்மா. உன்னால இல்ல. அந்த அம்மா போன் பண்ணிக் கேட்டாங்க. மலைமேல கெடைச்சா அங்கதான் போவான்னு நான்தான் சொன்னேன். அதான் வேற பிள்ளைக்குக் கொடுத்திருப்பாங்க. உன் படிப்புல ஒரு குறையும் இல்ல."

அவள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"யாரைக் கேட்டு சொன்னீங்க?"

அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அப்போதும் உயரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"யாரைக் கேக்கணும்? உனக்கு அங்கதானேம்மா போகணும்?"

"எனக்கு மில் காலேஜ்தான் போகணும். முதல்லேர்ந்தே அதான்."

அக்கா சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஜட்ஜம்மா பேசினாள், எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்ததைப் போல. அந்தத் தண்ணீர்த் தொட்டியின் நடுவில் ஒரு சின்னக் கதவு இருக்கிறதாம். இதைப் பாதி தூக்கினால் தண்ணீர் என்ன செய்யும் என்று அங்கிருந்த ஆசிரியர் கேட்டாராம். இவள் ஒரு பதில் சொன்னாளாம். சரி, நீயே தூக்கிப் பார் என்றாராம். தூக்கினாளாம். இவள் சொன்னதற்கு நேர்மாறாக நடந்து சட்டையெல்லாம் நனைந்துபோனதாம்.

"தப்பா சொல்லிட்டேன்பா. யாரும் ஒண்ணும் சொல்லல. நான் தப்பு பண்ணினா யாரு மூஞ்சியும் மாறாத இடத்தை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். அங்க நிம்மதியா இருந்துச்சு."

"இதை ஏன்டி இத்தனை நாள் சொல்லல?" என்றாள் அக்கா.

"அப்பா ஊர் பூரா மலைன்னு சொல்லிட்டிருந்தாரு. எப்படியும் அங்க கட்ட முடியாது, கடைசியில மில்லுக்குத்தான் வருவோம்னு தெரியும். சண்டை போடாமலே வந்துடும்னு இருந்தேன்."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கதவைக்கூடச் சாத்தவில்லை. மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது, பார்க்கப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனைத் திட்டலாம். இவரை என்ன சொல்லித் திட்டுவது?

மறுநாள் காலையில் முதல் இரண்டு பாடத்தையும் வேறு வாத்தியாரிடம் தள்ளிவிடச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. மில் காலேஜுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாவின் அறை சின்னது, ஜன்னல் ஓரமெல்லாம் காகிதக் கட்டு. அவரும் தூக்கம் இல்லாத முகத்தோடுதான் இருந்தார். மாமா உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க சொன்னது உண்மைதானே சார்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"உண்மைன்னு நெனச்சுத்தான்மா சொன்னேன்."

அந்த அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான் பொண்ணுகிட்டயே கேட்டிருக்கணும். உங்க நம்பர்தான் இருந்துச்சு. ஒரு நாளைக்கு எத்தனை போன் பண்றேன்னு எனக்கே தெரியாது" என்றார். அந்த இடத்தை இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று, அவள் சேர்ந்தும்விட்டாள். "அவங்க வீட்டுலயும் கஷ்டம்தான் சார்" என்றார். அதற்கு மேல் மாமா எதைக் கேட்பார்? அந்தப் பெண்ணிடமிருந்து பிடுங்கிக் கொடுங்கள் என்றா? கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். குறுக்கே நிறுத்தியிருந்த வண்டிகளை அன்று அவர் பார்க்கவே இல்லை.

அக்காவின் டிப்போ காலேஜ்தான் மிஞ்சியது. அக்கா, நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. அவளுக்கு அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. இடம் கிடைத்தது, கட்ட முடிந்தது, ஜட்ஜம்மா சேர்ந்தாள். வண்டி கற்றுக்கொள்ள வந்தவர்கள், "மலைக்கு எப்ப சார் போறாங்க?" என்று கேட்டபோதெல்லாம் மாமா, "போகல. இங்கதான் படிக்கறா" என்று சொன்னார். அவமானமாக இருந்திருக்கும். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் சொன்னார், ஒருவரையும் விடவில்லை.

வீட்டில் அவர் மகளிடம் பேசுவது குறைந்துபோனது. கோபத்தால் அல்ல. பேச வாயெடுப்பார், பிறகு எழுந்து போய்க் குழாய் சொட்டுகிறதா என்று பார்ப்பார். அவளும் பழையபடிதான் இருந்தாள். கேட்டதற்குப் பதில், சாப்பாடு, படிப்பு. மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

வகுப்புகள் ஆரம்பித்துச் சில வாரம் ஆனபிறகு ஒரு சாயங்காலம், நானும் மாமாவும் வேலை முடித்து ஸ்கூல் வண்டியில் திரும்பும்போது அவளையும் ஏற்றிக்கொண்டோம். டிப்போ வாசலில் பஸ் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். மாமா வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். வேறு யாருக்காவது காத்திருக்கிறாரோ என்று நினைத்தேன். பஸ் சத்தம் ஓய்ந்த பிறகு கேட்டார்.

"இந்தக் காலேஜ் உனக்குப் பிடிச்சிருக்காம்மா?"

பதினேழு வருஷம் அவளை வளர்த்தவர் அவர். மார்க் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார், சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். இப்படி ஒன்றை அவர் கேட்டு நான் அன்றைக்குத்தான் கேட்டேன். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவள் மடியில் இருந்த பையின் வாரை இழுத்துவிட்டாள். எங்கள் ஜட்ஜம்மா எதையும் உடனே சொல்ல மாட்டாள்.

"இன்னும் தெரியலப்பா" என்றாள். "தெரிஞ்சதும் உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். அதுவரைக்கும் யார் கேட்டாலும் நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றார் மாமா.